முட்டையா, தூளா, சுண்டல் தண்ணீரா: பிஸ்கட்டுக்கு முதல் ஐசிங் எது?

கிறிஸ்மஸுக்கு முந்தின நாள் எங்கள் வீட்டிலிருந்து பதினான்கு தட்டு வெளியே போகும். பாளையங்கோட்டையில் எங்கள் தெருவில் இது நான் பிறப்பதற்கு முன்பிருந்தே இருக்கிற வழக்கம். முறுக்கு, அச்சு முறுக்கு, முந்திரிக்கொத்து, ஒரு துண்டு கேக். சில வருஷங்களுக்கு முன்னால் என் மகள் போனில் ஒரு படத்தைக் காட்டினாள். நட்சத்திர வடிவ பிஸ்கட், மேலே கண்ணாடி மாதிரி வெள்ளைப் பூச்சு, அதன் மேல் இழை இழையாகச் சிவப்புக் கோடு. "இதையும் தட்டில வைப்போம்மா" என்றாள். எட்டிப் பார்த்த ஆச்சி, "என்னட்டி இது, பிஸ்கட்டுல கோலமா?" என்று கேட்டாள்.

ஆச்சி சொன்னதை விட நல்ல விளக்கம் இதற்குக் கிடையாது. சுகர் குக்கி என்பது வெண்ணெய், சீனி, மைதா சேர்த்த சாதாரண பிஸ்கட். அதன் மேல் போடுகிற கோலம்தான் ராயல் ஐசிங். கஷ்டம் கோலத்தில் இல்லை, எந்த மாவில் கோலம் போடுவது என்பதில்தான் இருக்கிறது. முட்டை வெள்ளையில் போடலாம், கடையில் விற்கும் மெரிங்கு தூளில் போடலாம், கொண்டைக்கடலை வேக வைத்த தண்ணீரில் போடலாம், முட்டையே இல்லாமல் பாலும் குளுக்கோஸும் கலந்தும் போடலாம். நான்கையும் போட்டுப் பார்த்திருக்கிறேன். இரண்டை நன்றாகவே கெடுத்தும் இருக்கிறேன்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அவசரக்காரர்கள் அதோடு போகலாம். முதல் தடவை போடுகிறவர்கள் மெரிங்கு தூளில் தொடங்குங்கள். தட்டு சைவ வீட்டுக்குப் போகிறது என்றால் கடலைத் தண்ணீர். வீட்டுப் பிள்ளைகள் அன்றைக்கே தின்று தீர்க்கப் போகிறார்கள் என்றால் பால் ஐசிங் போதும், மற்றது வீண் வேலை. பச்சை முட்டை வெள்ளை கடைசி. ஏன் அப்படி என்பதுதான் மீதிக் கதை.

முட்டை வெள்ளை

நம் பக்கத்து ஆட்களுக்கு இது புதிதே இல்லை. தூத்துக்குடி மக்ரூன் தின்றிருக்கிறோம். முட்டை வெள்ளையை அடித்து நுரையாக்கி, சீனியும் முந்திரிப் பொடியும் சேர்த்து, இளஞ்சூட்டில் காய வைத்தால் மக்ரூன். அதே வெள்ளையில் சீனியைப் பல மடங்கு கூட்டி, நுரைக்க விடாமல் மெதுவாகக் கலந்தால் ராயல் ஐசிங். தண்ணீர் ஆவியாகப் போகப் போகச் சீனி மறுபடி படிகமாகும். வெள்ளையில் இருக்கும் புரதம் அந்தப் படிகங்களைப் பிடித்து நிறுத்தும். அதனால்தான் காய்ந்த பிறகு கல்லாக இறுகுகிறது. விக்டோரியா மகாராணியின் 1840-ஆம் வருஷத்துக் கல்யாணக் கேக், 136 கிலோ சொச்சம், இந்த வெள்ளைப் பூச்சோடுதான் வந்தது என்றும் அதிலிருந்துதான் ராயல் என்ற பெயர் பரவியது என்றும் சொல்வார்கள்.

ஒரு முட்டையின் வெள்ளை நம் ஊர் முட்டையில் ஏறக்குறைய 30 கிராம் இருக்கும். அதற்கு 170 முதல் 200 கிராம் ஐசிங் சுகர், நான்கைந்து சொட்டு எலுமிச்சைச் சாறு. செலவு இல்லை, கடைக்கு அலைய வேண்டாம், காய்ந்தால் நல்ல வெள்ளை, நல்ல உறுதி. கோடு போட்டால் கோடு நிற்கும். இத்தனை நல்லது இருந்தும் ஏன் கடைசியில் தள்ளுகிறேன்?

முதல் காரணம், இது வேகாத முட்டை. ஐசிங் அடுப்பைப் பார்ப்பதே இல்லை. சால்மொனெல்லா கிருமி எல்லா முட்டையிலும் இருக்காது, ஆனால் எந்த முட்டையில் இருக்கிறது என்று பார்த்துச் சொல்ல முடியாது. கைக்குழந்தைக்கும், பிள்ளைத்தாய்ச்சிக்கும், வயசாளிகளுக்கும் போகிற தட்டில் பச்சை முட்டையை வைக்க எனக்கு மனசு வரவில்லை. இதற்கு ஒரு வழி இருக்கிறது. வெள்ளையையும் கொஞ்சம் சீனியையும் ஒரு கிண்ணத்தில் போட்டு, கொதிக்கிற தண்ணீர்ப் பாத்திரத்தின் மேல் வைத்து, விடாமல் கிண்டி 71 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கி, இறக்கி ஆறிய பிறகு மீதி சீனியைச் சேர்ப்பது. சமையல் தெர்மாமீட்டர் வேண்டும். கொஞ்சம் அசந்தால் கிண்ணத்தில் முட்டைப் பொரியல் இருக்கும். முதல் நாளே இந்தப் பரீட்சை எதற்கு?

இரண்டாவது காரணம் அளவு. ஒரு முட்டையின் வெள்ளை 26 கிராம் இருக்கும், இன்னொன்றில் 34 இருக்கும். கை பழகினவர்களுக்கு அது ஒரு விஷயமில்லை, பார்த்ததும் தெரியும். புதிதாகச் செய்கிறவருக்கு நேற்று நின்ற ஐசிங் இன்றைக்கு ஏன் ஓடுகிறது என்று புரியாது.

மஞ்சள் கரு ஒரு சொட்டு விழுந்தாலும், பாத்திரத்தில் எண்ணெய்ப் பசை இருந்தாலும் வெள்ளை சரியாகக் கூடிவராது. மக்ரூன் போடுகிற வீடுகளில் இதைச் சொல்லத் தேவையில்லை. தேங்காய் எண்ணெய் புழங்குகிற அடுக்களையில் பிளாஸ்டிக் கிண்ணத்தை நம்பாதீர்கள், எத்தனை கழுவினாலும் பசை நிற்கும். எவர்சில்வரோ கண்ணாடியோ எடுத்து, எலுமிச்சைத் தோலால் ஒரு தடவை துடைத்துவிடுங்கள்.

மெரிங்கு தூள்

முட்டை வெள்ளையைக் காய வைத்துப் பொடியாக்கி, கொஞ்சம் சீனியும் மாவும் பிசினும் சேர்த்தால் இந்தத் தூள். பதப்படுத்தின வெள்ளை என்பதால் பச்சை முட்டைப் பயம் இல்லை. கேக் சாமான் விற்கிற கடைகளில் கிடைக்கும், இல்லையென்றால் ஆன்லைனில் வாங்கலாம். விலை கூடத்தான். ஒரு முட்டை விலையோடு வைத்துப் பார்த்தால் வயிற்றெரிச்சல் வரும்.

ஆனால் ஒரு டப்பா வாங்கினால் ரொம்ப நாள் வரும். 450 கிராம் ஐசிங் சுகருக்கு 3 டேபிள்ஸ்பூன் தூள், 5 முதல் 6 டேபிள்ஸ்பூன் வெதுவெதுப்பான தண்ணீர். பாதி அளவில் தொடங்குங்கள், பதினைந்து பிஸ்கட்டுக்குத் தாராளமாகக் காணும். நேற்றைக்கு வந்த அதே பதம் இன்றைக்கும் வரும். கற்றுக்கொள்கிறவருக்கு இதைவிட முக்கியம் எதுவும் இல்லை. கோடு நெளிந்தால் கை சரியில்லை என்று தெரியும், முட்டையின் மேல் பழி போட முடியாது.

இன்னொரு சௌகரியம், மிச்சம் இருந்தால் காற்றுப் புகாத டப்பாவில் வெளியிலேயே இரண்டு வாரம் வரை இருக்கும். பச்சை வெள்ளையில் செய்தது அப்படி இருக்காது, ஃபிரிட்ஜில் வைத்து இரண்டு மூன்று நாளில் முடித்துவிட வேண்டும்.

அடிக்கும்போது ஒரு தப்பு எல்லோரும் செய்வார்கள், நானும் செய்தேன். பீட்டரைக் கடைசி வேகத்தில் வைத்துப் பத்து நிமிஷம் அடித்தேன். பஞ்சு மாதிரி பொங்கி வந்தது, பார்க்க அழகாகத்தான் இருந்தது. பிஸ்கட்டில் போட்டுக் காய்ந்ததும் மேலே நூறு ஓட்டை, விரல் பட்டால் உதிர்ந்தது. உள்ளே காற்று ஏறிவிட்டால் அப்படித்தான். குறைந்த வேகத்தில், தூக்கினால் நுனி நிற்கும் வரைக்கும் அடித்தால் போதும். பீட்டர் இல்லாதவர்கள் மரக்கரண்டியால் கிண்டினாலும் வரும், கைதான் வலிக்கும்.

சுண்டல் தண்ணீர்

அந்த முதல் வருஷம் பிஸ்கட் தட்டை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனேன். பக்கத்து வீட்டு அத்தை சுத்த சைவம். தட்டை வாங்கி அழகாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு, மெல்ல, "முட்டை கிட்டை போட்டிருக்கியாம்மா?" என்று கேட்டார்கள். எனக்கு முகம் செத்துவிட்டது. எங்கள் பதினான்கு தட்டில் ஆறு சைவ வீடுகளுக்குப் போவது. கேக் எப்போதும் முட்டை இல்லாமல்தான் அவர்களுக்குத் தனியாகச் செய்வோம். ஐசிங்கில் முட்டை இருக்கிறது என்பதே என் தலையில் ஏறவில்லை.

மெரிங்கு தூளிலும் முட்டைதான் இருக்கிறது, தூளாகிவிட்டதால் சைவமாகிவிடாது. நம் நாட்டுச் சட்டப்படி முட்டை சேர்ந்த பண்டத்துக்குப் பச்சைப் புள்ளி கிடையாது, டப்பாவைத் திருப்பிப் பார்த்தாலே தெரியும். பச்சைப் புள்ளி போட்ட ராயல் ஐசிங் மிக்ஸ் என்று தனியாகவும் விற்கிறது, தண்ணீர் மட்டும் கலந்தால் போதும். அவசரத்துக்கு நல்லது. ருசி எனக்குப் பிடிக்கவில்லை, அது என் நாக்கு.

கடலைத் தண்ணீர் விஷயம் நம் ஊரில் வேடிக்கையானது. 2014-இல் ஜோயல் ரோசெல் என்ற பிரெஞ்சு இசைக்கலைஞர், பயறு வகைகளை வேக வைத்த தண்ணீரை அடித்தால் முட்டை வெள்ளை மாதிரி நுரைக்கிறது என்று கண்டு எழுதினார். மறுவருஷம் அதற்கு அக்வாஃபாபா என்று பெயர் வைத்தார்கள். நவராத்திரி ஒன்பது நாளும் நாம் வடித்துச் சாக்கடையில் விட்ட தண்ணீர் அது.

வெள்ளைக் கொண்டைக்கடலைதான் வேண்டும். கறுப்புக் கடலைத் தண்ணீர் தேயிலைச் சாயம் மாதிரி இருக்கும், ஐசிங் பழுப்படிக்கும். உப்புப் போடாமல் குக்கரில் வேக வைத்து, கடலையோடு சேர்த்தே ஆற விட்டு, பிறகு வடிகட்டுங்கள். நேராக எடுத்தால் நீர்த்து இருக்கும். சின்னத் தீயில் பாதியாகச் சுண்ட விட்டால் முட்டை வெள்ளைப் பதத்துக்கு வழவழப்பாக வரும், அதுதான் கணக்கு. அதில் 3 டேபிள்ஸ்பூனுக்கு 300 முதல் 350 கிராம் ஐசிங் சுகர், கொஞ்சம் எலுமிச்சைச் சாறு. கடலை வாசம் அடிக்குமா என்று எல்லோரும் கேட்பார்கள். கலக்கும்போது அடிக்கும். காய்ந்த பிறகு வனிலா அதை மூடிவிடும்.

இதன் குறை என்ன? முட்டை ஐசிங் அளவுக்கு இறுகாது. காய நேரம் கூட எடுக்கும். வைத்திருந்தால் அடியில் தண்ணீர் பிரியும், மறுபடி கிண்ட வேண்டும். நுணுக்கமான இழை வேலைக்கு இது கொஞ்சம் சோம்பேறி. வழவழவென்று நிரப்பி, மேலே நான்கு புள்ளி வைத்தால் நன்றாக இருக்கும். சைவத் தட்டுகளுக்கு நான் அப்படித்தான் வைக்கிறேன், குறையாக யாரும் சொன்னதில்லை.

ஒன்றை மறக்கக் கூடாது. ஐசிங் சைவமாக இருந்து பிஸ்கட்டில் முட்டை இருந்தால் எல்லாம் வீண். முட்டை இல்லாத பிஸ்கட்டுக்கு 1, 2, 3 என்ற கணக்கை வைத்துக்கொள்ளுங்கள். 100 கிராம் பொடித்த சீனி, 200 கிராம் உப்பில்லாத வெண்ணெய், 300 கிராம் மைதா. பேக்கிங் பவுடர் வேண்டாம். போட்டால் பிஸ்கட் உப்பி, நட்சத்திரத்தின் முனையெல்லாம் மழுங்கி, அத்திப்பழம் மாதிரி ஆகிவிடும். பிசைந்த மாவை இரண்டு பட்டர் பேப்பருக்கு நடுவே வைத்து 5, 6 மில்லிமீட்டர் கனத்துக்குத் தேய்த்து, அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்து வெட்டினால் வடிவம் நிற்கும். ஓவன் இல்லாதவர்கள் தெருமுனை பேக்கரியில் தட்டைக் கொடுத்துச் சுட்டு வாங்கலாம். எங்கள் அம்மா காலத்தில் கேக்கே அப்படித்தான் வெந்து வந்தது.

பால் ஐசிங், அப்புறம் ஃபாண்டன்ட்

250 கிராம் ஐசிங் சுகர், 5 டீஸ்பூன் பால், 4 டீஸ்பூன் லிக்விட் குளுக்கோஸ். குளுக்கோஸ் பாட்டிலைச் சுடுதண்ணீரில் வைத்தால் இளகி வரும். கலந்து, பூசி, வைத்துவிட்டுப் போகலாம். மேலே பளபளப்பு நிற்கும், கடித்தால் மெதுவாக இருக்கும். உண்மையைச் சொன்னால் ருசி இதில்தான் அதிகம், ராயல் ஐசிங்கைக் கடிப்பது சீனிக் கட்டியைக் கடிப்பது மாதிரி. ஆனால் ஒன்றின் மேல் ஒன்று அடுக்க முடியாது, கோடு போட்டால் படுத்துவிடும், ஒரு நாள் முழுக்கக் காய்ந்தாலும் அழுத்தினால் பள்ளம் விழும். தட்டில் முறுக்குக்குப் பக்கத்தில் வைத்து அடுத்த தெருவுக்குப் போவதற்குள் முறுக்கில் பாதி ஐசிங் ஒட்டியிருக்கும்.

ஃபாண்டன்ட் என்பது சப்பாத்தி மாதிரி தேய்த்து, பிஸ்கட் வெட்டின அச்சிலேயே வெட்டி, கொஞ்சம் ஜாம் தடவி ஒட்டுவது. கை நடுங்குகிறவர்களுக்கு அது எளிது. மழை நாளில் வியர்த்து ஒட்டும், எனக்கு அதில் பிரியம் இல்லை. விட்டுவிடுகிறேன்.

மார்கழியும் ஆடியும்

ஐசிங் காய்வது சமையல்காரர் கையில் பாதி, வானத்தின் கையில் பாதி. சீனி ஈரத்தை இழுக்கும் சாமான். இணையத்தில் பார்க்கிற படங்கள் எல்லாம் வறண்ட குளிர் நாடுகளில், ஹீட்டர் ஓடுகிற வீட்டில் எடுத்தவை. எட்டு மணி நேரத்தில் காய்ந்துவிடும் என்று அவர்கள் சொல்வது அவர்கள் ஊருக்குச் சரி. நமக்குக் கிறிஸ்மஸ் வருவது வடகிழக்குப் பருவமழையின் வாலில். 2023-இல் டிசம்பர் 17, 18-இல் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 94.6 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தாமிரபரணி எங்கெல்லாம் ஏறியது என்று நம் ஊரில் யாருக்கும் சொல்ல வேண்டாம். அந்த வருஷம் எங்கள் தெருவில் யாருக்கும் பிஸ்கட் நினைப்பே இல்லை, பால் பாக்கெட் கிடைத்ததே பெரிது.

சாதாரண மார்கழியிலும், வெளியே தூறல் விழுந்துகொண்டிருந்தால், ராத்திரி பூசின ஐசிங் காலையில் மேலே தோல் கட்டி உள்ளே குழைவாகத்தான் இருக்கும். அதை நம்பி அடுக்கினால் தட்டில் பசை. 24 மணி நேரம் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள், மழை என்றால் அதற்கு மேலும். தூத்துக்குடி, திருச்செந்தூர்ப் பக்கம் கடற்காற்றும் சேர்ந்துகொள்ளும்.

மாறாக, ஆனி ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாக வருகிற காற்று இருக்கிறதே, குற்றாலத்தில் சாரல் அடித்துவிட்டு நம் பக்கம் வரும்போது ஈரத்தை அங்கேயே விட்டுவிட்டு வந்திருக்கும். அந்தக் காற்றில் ஐசிங் மளமளவென்று காயும். அதனால் என் யோசனை: பழகுவதை ஆடியில் வைத்துக்கொள்ளுங்கள், கிறிஸ்மஸை எதிர்பார்த்துக் காத்திருக்காதீர்கள். பழகுவதற்குப் பிஸ்கட் சுடவும் வேண்டாம். ஒரு பாக்கெட் மாரி பிஸ்கட் வாங்கினால் பத்து ரூபாய்ச் செலவில் ஒரு மத்தியானம் போகும்.

மழைக்காலத்தில் என்னதான் செய்வது? பூசின உடனே ஃபேனுக்கு நேரே வைப்பது முதல் வைத்தியம். முதல் அரை மணி நேரத்தில் மேல்தோல் சீக்கிரம் கட்டினால் பளபளப்பு நிற்கும், சின்னச் சின்ன இடங்கள் குழி விழாமலும் இருக்கும். ஏசி அறை இருந்தால் அதைவிட நல்லது, ஏசி காற்றிலிருந்து ஈரத்தை எடுத்துவிடும். ஃபிரிட்ஜில் மட்டும் வைக்காதீர்கள். வெளியே எடுத்ததும் வியர்த்து, சிவப்பு வெள்ளைக்குள் இறங்கிவிடும். வத்தல் வடகம் மாதிரி மொட்டை மாடியில் வைக்கலாமே என்றாள் மதினி. வெயிலில் பிஸ்கட்டிலிருந்து வெண்ணெய் இளகி ஐசிங்கில் கறை கறையாக ஏறும். அதோடு எறும்பு. சீனி வாசத்துக்கு எங்கிருந்துதான் வருமோ! நான் ஒரு பெரிய தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி, நடுவே கிண்ணத்தைக் கவிழ்த்து, அதன் மேல் பிஸ்கட் தட்டை வைக்கிறேன்.

மழை என்ற ஒரு காரணத்துக்காகவே கடலைத் தண்ணீரை விட மெரிங்கு தூள் ஒரு படி மேலே. சைவத் தட்டுகளை நான் இப்போது இரண்டு நாள் முன்பே பூசி முடித்துவிடுகிறேன்.

கோனா, நாசிலா?

ஐசிங்கைப் பிழிகிற பைப்பிங் பையும், அதன் நுனியில் மாட்டுகிற நாசில் செட்டும் வாங்கித்தான் ஆக வேண்டும் என்று நினைத்து வாங்கினேன். இருபத்து நான்கு நாசிலில் இரண்டைத்தான் இதுவரை தொட்டிருக்கிறேன். ஆரம்பத்துக்கு மருதாணி கோன் மாதிரி சுருட்டின பிளாஸ்டிக் கோன் போதும். கேக் சாமான் கடையில் சுருட்டாத தாளாகவும் கிடைக்கும், மெல்லிய பைப்பிங் பையாகவும் கிடைக்கும். நுனியை ஊசி கனத்துக்கு வெட்டுங்கள், போதவில்லை என்றால் இன்னும் கொஞ்சம் வெட்டலாம். முதலிலேயே பெரிசாக வெட்டிவிட்டால் அந்தப் பை நிரப்புகிற வேலைக்குத்தான் ஆகும். பழைய மருதாணி கோனைக் கழுவி எடுக்கலாமா என்று ஒருத்தி கேட்டாள், தயவுசெய்து வேண்டாம். ஜாங்கிரிக்குப் பிழிகிற பால் கவரும் வேண்டாம், அதில் ஒட்டின கொழுப்பு லேசில் போகாது.

மருதாணி வைத்துப் பழகினவர்கள் கோனைத் தோலில் உரசினாற்போல இழுப்பார்கள். ஐசிங்கில் அப்படி இழுத்தால் கோடு நெளியும், உடையும். இங்கே உதவுவது பொடிக் கோலக் கை. பொடிக் கோலத்தில் விரல் தரையைத் தொடாது, மேலேயிருந்து மாவு விழும், கை அதை நடத்திக்கொண்டு போகும். அதே மாதிரி நுனியை பிஸ்கட்டில் தொட்டு, அழுத்தி, ஒரு விரற்கடை மேலே தூக்கி, இழை தானாகத் தொங்கி விழ விட்டு, முடிகிற இடத்தில் மறுபடி தொட வேண்டும். வாசலில் கோலம் போடுகிற நம் பெண்களுக்கு இது அரை மணி நேர வேலை. ஆச்சி எடுத்த எடுப்பிலேயே ஒரு நட்சத்திரத்தில் ஐந்து புள்ளி வைத்துச் சிக்குக் கோலம் போட்டுவிட்டாள். நான் அன்றைக்கு ஓரக் கோடே ஒழுங்காகப் போடவில்லை.

ஓரத்துக்கு ஒரு பதம், நிரப்புவதற்கு ஒரு பதம் என்று இரண்டு வகை கலக்கச் சொல்வார்கள். முதலில் ஒன்றே போதும். கரண்டியில் எடுத்துக் கிண்ணத்திலேயே நாடா மாதிரி ஊற்றி, அந்தத் தடம் மறைய எத்தனை எண்ணுகிறீர்கள் என்று பாருங்கள். 15 முதல் 20 எண்ணுவதற்குள் மறைந்தால் அதே ஐசிங்கில் ஓரமும் கட்டலாம், நிரப்பவும் செய்யலாம். பத்துக்குள் மறைந்தால் சொதி, ஓரம் தாண்டி ஓடும். இருபதைத் தாண்டியும் மறையாவிட்டால் இன்னும் தண்ணீர் வேண்டும். அரை டீஸ்பூன், கால் டீஸ்பூன் என்று சொட்டுச் சொட்டாகத்தான் சேர்க்க வேண்டும். ஒரு முழு ஸ்பூன் ஊற்றிவிட்டு அப்புறம் கால் கிலோ சீனி போட்டுச் சரிக்கட்டின கதை என்னிடம் இருக்கிறது. நிரப்பின பிறகு காற்றுக் குமிழி தெரிந்தால் பல்குச்சியால் குத்திவிடுங்கள். கிண்ணத்தில் மீதி இருப்பதை ஈரத்துணி போட்டு மூடி வையுங்கள், ஐந்து நிமிஷம் திறந்து கிடந்தாலே மேலே ஓடு கட்டிவிடும்.

கலருக்கு ஜெல் மட்டும். பொங்கலுக்குக் கேசரிக்குப் போடுகிற தண்ணீர்க் கலர் பதத்தைக் கெடுத்துவிடும். சிவப்பை முந்தின நாளே கலந்து வைத்தால் மறுநாள் இரண்டு மடங்கு அழுத்தமாகியிருக்கும்.

சீனியில் மிச்சம் பிடிக்கலாமா?

வீட்டுச் சீனியை மிக்ஸியில் பொடித்தால் போதாதா என்று நானும் நினைத்தேன். பால் ஐசிங்குக்குப் போதும். ராயல் ஐசிங்குக்குப் போதாது. மிக்ஸி எத்தனை ஓடினாலும் கண்ணுக்குத் தெரியாத குருணை நிற்கும். மாவு அரிப்பில் இரண்டு தடவை அரித்தும் கோன் நுனியில் வந்து அடைத்தது. அழுத்தினேன், அடைப்பு விட்டது, நட்சத்திரத்தின் நடுவில் ஒரு பெரிய உருண்டை விழுந்தது. மகள் அதில் இரண்டு கண் வைத்து ஆந்தை என்று சொல்லிவிட்டாள். கடையில் வாங்கின ஐசிங் சுகரையும் ஒரு தடவை அரித்தே எடுங்கள், மழைக்காலத்தில் பாக்கெட்டுக்குள்ளேயே கட்டி தட்டியிருக்கும். வாங்கும்போது பொடித்த சீனி என்று போட்டதையும் ஐசிங் சுகர் என்று போட்டதையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். இரண்டையும் விரலில் தேய்த்துப் பார்த்தால் தெரியும், ஒன்று மணல், ஒன்று முகப் பவுடர்.

போன கிறிஸ்மஸுக்கு எட்டுத் தட்டில் மெரிங்கு தூள், ஆறு தட்டில் கடலைத் தண்ணீர். குழம்பக் கூடாது என்று சைவத்துக்கு எல்லாம் பச்சை மரம், மற்றதற்கு நட்சத்திரம். பக்கத்து வீட்டு அத்தையிடம் தட்டை நீட்டும்போதே, "இது சுண்டல் தண்ணிலே செஞ்சது அத்தே, முட்டை இல்லை" என்றேன். கிண்டல் பண்ணுகிறேன் என்று நினைத்துக்கொண்டார்கள். உட்கார வைத்து, காப்பி கொடுத்து, முழுசாக விவரம் கேட்டுத்தான் விட்டார்கள்.

சாயங்காலம் தட்டு திரும்பி வந்தது. வெறும் தட்டாகக் கொடுக்கக் கூடாது என்று அதில் ஒரு கைப்பிடி சீனி போட்டிருந்தார்கள். மிக்ஸியில் போடவில்லை, டப்பாவில் கொட்டி வைத்தேன், மறுநாள் காப்பிக்கு ஆயிற்று.